அத்தியாயம் 7: புதிதாகச் செய்த பழைய பாகங்கள் – எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

வரக்காப்பொலையில் ஒரு மொரிஸ் மைனரைக் கழற்றிப் பரப்பியவர் பாகம் தேடி முதலில் கொழும்புக்குத்தான் இறங்குவார். கண்டி வீதியில் அறுபது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான ஓட்டத்தில் பஞ்சிகாவத்தை வந்துவிடும். அங்கே அகப்படாதது இங்கிலாந்திலிருந்து பார்சலில் வரும். சென்னைக்குப் போய்வரும் சொந்தக்காரர் இருந்தால் புதுப்பேட்டையிலிருந்தும் ஒன்றிரண்டு வரும். மூன்று இடத்திலும் புதுச் சாமான் என்று பெட்டியில் கிடைப்பதில் பெரும்பகுதி, காரைச் செய்த கம்பனி செய்ததல்ல. மைனர் 1948இல் வெளிவந்து 1971இல் நின்றுபோன கார். 16 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள் என்றாலும், அதன் உற்பத்தி நின்றே அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று கைக்கு வருவது யாரோ ஒருவர் பழைய பாகத்தை மாதிரியாக வைத்துச் செய்தது. மாதிரியைச் சரியாகப் பார்த்தாரா, அதே உலோகத்தில், அதே இறப்பரில் செய்தாரா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டில் இந்தக் கேள்வி பொழுதுபோக்குக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் கதவு திறக்கும்வரை டொக்டர், ஆசிரியர், நொத்தாரிசு, தோட்டத்து மருந்தாளர் எல்லோரும் இருந்த காரையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி மறுபடி நின்று 2025 வரை இழுத்தபோது, கொட்டிலில் கிடந்த மைனர்களும் ஓஸ்டின்களும் மீண்டும் கராஜுக்கு வந்தன. ஆகவே இங்கே பழைய காரைப் புதுப்பிப்பவர்களில் பலர் அதை நாளாந்தம் ஓட்டப்போகிறவர்கள். கண்காட்சியில் நிறுத்திவைக்கும் காருக்குப் போதுமான பாகம் அவர்களுக்குப் போதாது.

எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும், கடுகண்ணாவை இறக்கத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு வரும்போது இது உடைந்தால் என்ன ஆகும் என்று ஒரு தரம் யோசியுங்கள். கார் நிற்காது அல்லது திரும்பாது என்றால் அந்தப் பாகத்தில் மலிவு பார்க்காதீர்கள். வழியில் நின்றுபோகும், தள்ள வேண்டிவரும் என்றால், கையிருப்பில் இன்னொன்று வைத்துக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம். பார்வைக்கு மட்டும் அசிங்கம் என்றால் உங்கள் பணம், உங்கள் விருப்பம். இந்த அத்தியாயத்தில் பிரேக்குக்கும் முன் சக்கரத்துக்கும் இவ்வளவு பக்கம் போவதற்கும், பம்பருக்கு இரண்டு வரி மட்டும் கிடைப்பதற்கும் காரணம் அதுதான்.

கடையில் நடக்கும் பேச்சு ஏறத்தாழ எப்போதும் இப்படித்தான் இருக்கும்:

“நானா, மைனர் மாஸ்டர் சிலிண்டர் கிட் இருக்கா?”

“இருக்கு தம்பி. ஒரிஜினல். பெட்டியப் பாருங்களேன்.”

“பெட்டி இருக்கட்டும் நானா, கப்பக் கையில தாங்க.”

இரண்டாவது பதிலைச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பெட்டியை அச்சடிப்பது சுலபம். லூக்காஸ், லொக்ஹீட் போன்ற பழைய பெயர்கள் கைமாறி, உரிமம் மாறி, இன்று பல தரத்துச் சாமான்களின் மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன. பெட்டியில் உள்ள பெயர் உண்மையாகவே இருந்தாலும் உள்ளே இருப்பது அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் செய்தது என்று அர்த்தமில்லை. அதேபோல, நாற்பது வருடம் அலுமாரியில் கிடந்த நிஜப் பழைய இருப்பு அகப்பட்டால் உடனே துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். இரும்பு, பித்தளை, கண்ணாடி என்றால் அது புதையல்தான். இறப்பர் என்றால் குப்பை. இறப்பர் பெட்டிக்குள்ளேயே வயதாகும்.

கேகாலை மாவட்டம் இறப்பர் தேசம். வரக்காப்பொலையைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்வெட்டும் மரங்கள்தான். அதனாலேயே இங்கே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: நல்ல இறப்பர் என்றால் நம்முடைய இயற்கை இறப்பர், அதில் வார்த்தால் எதுவும் நிற்கும். பாதிதான் உண்மை. எஞ்சின் மவுண்டிங், ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ், டை பார் புஷ் போன்றவற்றுக்கு இயற்கை இறப்பரை மிஞ்ச எதுவுமில்லை. அதிர்வைத் தாங்கும், கிழியாது, வருடக்கணக்கில் நெகிழ்வு போகாது. உள்ளூரில் அச்சு வைத்து வார்த்துத் தரும் புஷ்கள், கலவை சரியாக இருந்தால், இங்கிலாந்துப் பார்சலில் வரும் பலவற்றைவிட மேலானவை. ஆனால் எண்ணெய் பட்டால் அதே இயற்கை இறப்பர் ஊதிப்போகும். பின் சக்கர ஹப்பில் வரும் ஓயில் சீல் நைட்ரைல் இறப்பரில் இருக்க வேண்டும். அங்கே தவறான சீல் போனால் எக்சில் எண்ணெய் கசிந்து பின் பிரேக் லைனிங்கில் ஊறும். மிதித்த பிறகுதான் தெரியவரும்.

பிரேக் கப்களில் கதை எதிர்மாறு. பிரேக் திரவம் கிளைக்கோல் வகை. அதற்கு ஏற்றது ஈ.பி.டி.எம். என்ற செயற்கை இறப்பர். பழைய காலத்தில் இயற்கை இறப்பரும் போட்டார்கள். நைட்ரைல் போட்டால் பிரேக் திரவத்தில் வீங்கும். ஈ.பி.டி.எம். கப்பில் கனிம எண்ணெய் பட்டால் அது வீங்கும். கடைக்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூன்றும் கறுப்பு, மூன்றும் ஒரே அளவு, கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே வீட்டிலேயே சோதியுங்கள். ஒரு கிட்டில் வரும் கப்பில் ஒன்றை வேர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். மூடி உள்ள சிறு போத்தலில் புதிய பிரேக் திரவம் விட்டு அதற்குள் போட்டு ஒரு வாரம் விடுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடி அளவுங்கள். மிகச் சிறிதளவு பருத்திருப்பது இயல்பு. விரலுக்கு மெதுமெதுவென்று, வெளிப்படையாகப் பெருத்திருந்தால் அந்தக் கிட் முழுவதையும் திருப்பிக் கொடுங்கள். கையில் கறுப்பு மை ஒட்டினாலும் அப்படியே.

இத்தோடு நம் கராஜ்களில் ஊறிப்போன ஒரு பழக்கத்தையும் விட வேண்டும். பிரேக் சாமானை மண்ணெண்ணெயில் கழுவுவது. நல்ல கப்பைப் போட்டுவிட்டு, மண்ணெண்ணெயில் கழுவிய சிலிண்டருக்குள் அதை ஏற்றினால், கெட்டது கப் இல்லை, நாம் கெடுத்தது. மெதிலேற்றட் ஸ்பிரிட் அல்லது புதிய பிரேக் திரவம் கொண்டே கழுவச் சொல்லுங்கள். சொன்னால் பாஸ் சிரிப்பார். சிரிக்கட்டும், பக்கத்தில் நின்று கழுவ வையுங்கள்.

மைனரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள் கைக்கெட்டும் இடத்தில் இல்லை. சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே, உடலோடு ஒன்றான அடிப்பெட்டிக்குள் மறைந்திருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை வெளியே இழுக்க முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். மலிவுக் கிட் ஒன்று ஆறு மாதத்தில் கசிந்தால் நட்டம் கிட்டின் விலை மட்டுமல்ல, மறுபடி முன்பக்கத்தைத் தளர்த்தும் கூலியும் சேர்ந்தது. அந்த வேலையை ஒரு தரம் செய்த பாஸ் இரண்டாம் தரம் அதே விலைக்குச் செய்யமாட்டார்.

பிரேக் ஹோஸ் வாங்கும்போது அதன் உடலில் அச்சிட்ட எழுத்தைத் தேடுங்கள். எஸ்.ஏ.ஈ. ஜே1401 என்ற தரக்குறியும் செய்த திகதியும் இருக்க வேண்டும். எதுவுமே அச்சிடாத மொட்டை ஹோஸை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், வாங்காதீர்கள். இரண்டு கையாலும் மெல்ல வளைத்து, வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று வெயிலில் பாருங்கள். திரவம் டொட் 4 ஆக இருக்கட்டும். புதிதாக அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு அது 155 வரை இறங்கலாம். சப்ரகமுவவின் மழையில் ஈரம் உறிஞ்ச அதிக நாள் எடுக்காது. கண்டிப் பக்கமிருந்து இறங்கும் வழியில் ட்ரம் சூடேறி, பழைய திரவம் கொதித்தால் பெடல் தரைவரை போகும். கப் நல்லதாக இருந்தும் பயனில்லை.

லைனிங் பற்றி ஒரு வார்த்தை. பழைய இருப்பு லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் உண்டு. பிடிப்பு நன்றாக இருக்கும் என்று தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஏற்கெனவே காரில் இருப்பதைக் கழற்றும்போதும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். புதிய ஷூவைப் பூட்டுமுன் லைனிங் முழுவதும் சோக் தடவி, ட்ரம்மைப் போட்டுச் சுற்றிக் கழற்றுங்கள். சோக் நடுவில் மட்டும் அழிந்திருந்தால் அந்த ஷூவின் வளைவு உங்கள் ட்ரம்முக்குப் பொருந்தவில்லை. மறுஉற்பத்தி ஷூக்களில் இது சாதாரணமாக வரும் குறை. லேத்தில் ட்ரம்மைப் பலமுறை கடைந்து விட்டம் பெருத்திருந்தால் இன்னும் மோசமாகும்.

அடுத்தது மைனர்க்காரர்கள் எல்லோரும் பயப்படும் இடம்: முன் சக்கரத்தின் ட்ரனியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் காலின் மேலும் கீழும் புரி வெட்டிய தொப்பிபோல் இருக்கும் பாகம் இது. சக்கரம் திரும்பும்போது அந்தப் புரியில்தான் திரும்புகிறது. கிறீஸ் வற்றினால் புரி தேயும். முற்றாகத் தேய்ந்தால் கால் அதைவிட்டுக் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடிந்துவிடும். பெரும்பாலும் இது மெதுவாகத் திருப்பும்போது அல்லது ரிவேர்ஸ் எடுக்கும்போது நடக்கும் என்பது தப்பிப்பிழைத்தவர்களின் அதிர்ஷ்டம். எல்லா வேளையும் அப்படியிருக்கும் என்று எழுதித் தர ஆளில்லை.

மறுஉற்பத்தி ட்ரனியனை வாங்கும்போது, நல்ல நிலையிலுள்ள காலையும் கூடவே கொண்டுபோங்கள். கிறீஸ் இல்லாமல், சுத்தமாகத் துடைத்து, கையால் திருகிப் பாருங்கள். முழு நீளத்துக்கும் ஒரே பிடிப்போடு ஏற வேண்டும். ஆரம்பத்தில் இறுக்கி நடுவில் ஆடினால் புரி சரியாக வெட்டப்படவில்லை. பக்கவாட்டில் ஆட்டும்போது ‘டக்’ என்று சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். இடதும் வலதும் வெவ்வேறு. கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும், கவனம். சில மறுஉற்பத்திகளில் கிறீஸ் போகும் துளை உள்ளே புரிவரை துளைக்கப்பட்டிருக்காது, அல்லது துருவலால் அடைபட்டிருக்கும். நிப்பிளைக் கழற்றி மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். பூட்டிய பிறகு 1,600 கிலோமீற்றருக்கு ஒரு தரம் கிறீஸ் கன் பிடியுங்கள். மழைக்காலத்தில் இறப்பர்த் தோட்டத்து மண்பாதையில் ஓடும் கார் என்றால் அதற்கும் முன்பே. தேயாத, கொஞ்சம் அழுக்கான பழைய அசல் ட்ரனியன் அகப்பட்டால், புதிய சந்தேகமானதைவிட அதையே எடுங்கள்.

இனி, தள்ள வைக்கும் பாகங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர், கண்டென்சர், பொயின்ட் மூன்றும் உலகம் முழுவதும் பழைய இங்கிலாந்துக் கார்க்காரர்களை வழியில் நிறுத்தியவை. ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடிக்க அடித்த ரிவெட், கீழே உள்ள தண்டுக்கு மிக அருகில் வந்துவிட்டால், மின்பொறி பிளக்குக்குப் போகாமல் பிளாஸ்டிக்கைத் துளைத்துத் தண்டுக்குள் இறங்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மல்டிமீற்றரும் காட்டாது, ஏனென்றால் அதன் பற்றரி தரும் சில வோல்ட்டில் அந்தக் கசிவு நிகழ்வதில்லை. கசிவைப் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. மூடியைக் கழற்றி, கொயிலிலிருந்து வரும் தடித்த வயரை ரோட்டரின் நடுத்தகட்டுக்கு மேல் மூன்று மில்லிமீற்றர் உயரத்தில், நன்கு காப்பிட்ட குறடால் பிடியுங்கள். பொயின்ட் மூடியிருக்க, சாவியைத் திருப்பி, பொயின்ட்டை மரக்குச்சியால் திறந்து மூடுங்கள். ஒவ்வொரு தரமும் வயரிலிருந்து ரோட்டருக்குப் பொறி பாய்ந்தால் ரோட்டர் கசிகிறது. ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டர்களும் இப்போது வருகின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் அவற்றையே எடுங்கள்.

கண்டென்சர் குளிரில் நல்ல பிள்ளை. எஞ்சின் சூடேறி இருபது நிமிடம் கழித்துத்தான் தன் குணத்தைக் காட்டும். அது போனால் கார் இருமி இருமி நிற்கும், ஆறினால் மறுபடி ஓடும். பலர் காபரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து ஏமாறுவது இந்த நோய்க்காகத்தான். வாங்கும்போது கபாசிட்டன்ஸ் அளக்கும் மீற்றரில் 0.18க்கும் 0.25 மைக்ரோஃபரட்டுக்கும் இடையில் காட்டுகிறதா என்று பாருங்கள். ஹெயார் டிரையரால் சூடாக்கி மறுபடி அளந்தால் இன்னும் நல்லது. பழைய கண்டென்சர் வேலை செய்கிறது என்றால், “எல்லாம் புதுசாப் போடுவோம்” என்ற உற்சாகத்தில் அதைத் தூக்கி எறியாதீர்கள். பொயின்ட் பூட்டியதும் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு, அதாவது 0.38 மில்லிமீற்றருக்கு வைத்து, நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி அளவுங்கள். மலிவு பொயின்ட்டின் குதிகால் சீக்கிரம் தேய்ந்து இடைவெளி அடைந்துபோகும்.

எஞ்சின் உள்பாகங்களில் மைனர்க்காரர் அதிர்ஷ்டசாலி. 1952க்குப் பிறகு அதில் வந்த ஏ-வகை எஞ்சின் மினியிலும் இருந்தது. மினி 2000ஆம் ஆண்டுவரை தயாரானது. பிஸ்டன், பெயரிங், காஸ்கட் எல்லாம் தரமாகக் கிடைக்கின்றன. ஆனால் 803, 948, 1098 சிசி மூன்றும் ஒன்றல்ல. இந்திய அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின் பி-வகை, மொரிஸ் ஒக்ஸ்போர்டின் வழி வந்தது. “மொரிஸ் சாமான்” என்ற பெயரில் அதை மைனருக்கு விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஒக்ஸ்போர்ட் வைத்திருப்பவருக்கோ, 2014 வரை ஓடிய அம்பாசிடர் தொழிற்சாலையின் மிச்சங்கள் பெரிய வரப்பிரசாதம்.

தகட்டு வேலைக்கு வருவோம். இதில் இலங்கைக்குச் சொந்தமாகவே ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வேர், ஒரு காரைத் தூக்கி எறியாமல் காலகாலத்துக்கும் புதுப்பித்து ஓட்டுவதே சிக்கனம் என்று வாதாடியவர். 1982இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். 1990களில் அவர் இலங்கையரான தனபால சமரசேகரவோடு சேர்ந்து டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் மைனரின் உடல் தகடுகளை இந்த நாட்டில் செய்விக்க ஏற்பாடு பண்ணினார். அவை கப்பலேறி இங்கிலாந்து மைனர்களில் ஒட்டப்பட்டன. பஞ்சிகாவத்தையில் “இங்கிலாந்துத் தகடு” என்று ஒருவர் உயர்த்திப் பேசும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது. தேசத்தின் பெயர் தரச்சான்றிதழ் ஆகாது. அச்சு யாருடையது, தகடு எத்தனை கேஜ் என்று கேளுங்கள். அசல் அச்சுகளை வைத்து அடிக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் போன்ற நிறுவனங்களும் உண்டு. 1988இல் எம்.ஜி.பி. காரின் முழு உடலையே பழைய அச்சுகளில் மறுபடி அடித்துக் காட்டியவர்கள் அவர்கள். அந்த வாய்ப்பு எல்லாக் காருக்கும் எல்லாத் தகட்டுக்கும் இல்லை.

அந்தக் காலத்து வெளித்தகடு பெரும்பாலும் 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீற்றர் சொச்சம். வேர்னியரை ஓரத்தில் வைத்தால் 0.7 காட்டும் மட்கார்டுகள் வருகின்றன. தட்டினால் குழியும், வெல்டிங் சூட்டில் நெளியும். காந்தமும் சட்டைப்பையில் இருக்கட்டும். ஃபைபரில் வார்த்த மட்கார்டைத் தகடென்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். கறுப்புப் பூச்சோடு வந்தால் தின்னர் நனைத்த துணியால் தேயுங்கள். கரைந்து வந்தால் அது பயணத்துக்குப் பூசியது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பிரைமர் அடிக்க வேண்டும். அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்காலத்தில் கொப்பளிக்கும்.

மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே எலும்பு. சில், முன்கால்கள், குறுக்குப் பெட்டி, பின் ஸ்பிரிங் தொங்கும் இடம் இவை எல்லாம் பாரம் தாங்குகின்றன. துருப்பிடித்த சில்லின் மேல் இன்னொரு தகட்டை மூடி ஒட்டித் தருகிறேன் என்று டிங்கர் பாஸ் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். துருவை வெட்டியெடுத்து உட்சுவரோடு புதுச் சில் வைக்க வேண்டும். அதை ஒட்டுவதற்கு முன் கதவைத் தொங்கவிட்டு, கவ்வியில் பிடித்து, இடைவெளி மேலிருந்து கீழ்வரை சமமா என்று பாருங்கள். மறுஉற்பத்திச் சில்லுகளின் நீளம் சில மில்லிமீற்றர் பிசகுவது வழக்கம். ஒட்டிய பிறகு கதவு மூடாவிட்டால் கதவை வளைத்துத்தான் சரிசெய்வார்கள். பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், கதவின் கீழ் மூலையைப் பார்த்தால் தெரியும்.

பம்பர், ஹப் கப், பொனட் எழுத்து: குரோம் பூச்சின் கீழ் செம்பும் நிக்கலும் இல்லையென்றால் ஒரு வருடத்தில் பொரியும். பழைய பம்பர் நெளியாமல் இருந்தால் அதையே பூசக் கொடுப்பது மேல். இருக்கைத் துணி உங்கள் விருப்பம்.

போல்ட்டைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். மைனரில் பெரும்பாலும் யூ.என்.எஃப். புரி. அதன் 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீற்றர், கடையில் கிடைக்கும் எம்8இன் விட்டம் 8. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் ஏறியும்விடும், உள்ளே இருந்த புரியைத் தின்றுகொண்டு. கையால் முழுவதும் ஏறாத போல்ட்டை ஸ்பானரால் ஏற்ற விடாதீர்கள். ஸ்டியரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் தலையில் தரக்குறி இல்லாத போல்ட் போடக்கூடாது. யூ.என்.எஃப்.இல் மூன்று கோடு, மெட்ரிக்கில் 8.8 என்ற இலக்கம், இதற்குக் குறைந்தது வேண்டாம்.

கழற்றிய பழைய பாகங்களைக் கராஜிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். புதியது பொருந்தாவிட்டால் அளவெடுக்க அதுதான் மாதிரி. லேத்காரருக்கு, இறப்பர் வார்ப்பவருக்குக் கொடுக்கவும் அதுதான் வேண்டும். எது எங்கிருந்து வந்தது என்று அட்டையில் எழுதி, கம்பியால் கட்டி, பெட்டியில் போட்டு வையுங்கள். புதிய பாகத்தின் பில்லில் ‘பொருந்தாவிட்டால் திருப்பி எடுக்கப்படும்’ என்று கடைக்காரர் கையால் எழுதி வாங்குங்கள். பூட்டிக் கறைபட்ட சாமானைப் பெரும்பாலும் எவரும் திருப்பி எடுப்பதில்லை; மேலே சொன்ன அளவெடுப்பும் ஊறவைத்தலும் பூட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.